வருகிறது, போகிறது... சின்ன ஊர்களில் விமானம் ஏன் தங்குவதில்லை?

'சூரரைப் போற்று' படம் முடியும்போது கிராமத்து ஜனங்கள் விமானத்தில் ஏறி உட்காருகிறார்கள். வேட்டியும் கண்டாங்கிச் சேலையுமாக, வாழ்க்கையில் முதல் முறையாக ஜன்னல் வழியே மேகத்தைப் பார்க்கிறார்கள். 2020 தீபாவளிக்கு வீட்டிலிருந்தே படம் பார்த்த குடும்பங்கள் கண் கலங்கியது அந்த இடத்தில்தான்.

படத்தின் கதை அங்கே முடிந்துவிட்டது. நிஜத்தில் அதற்குப் பிறகு என்ன நடந்தது?

படத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத். ராணுவத்திலிருந்து வெளியே வந்து விவசாயம் பார்த்தவர். 2003-ல் 'ஏர் டெக்கான்' நிறுவனத்தைத் தொடங்கினார். ஹூப்ளி, விஜயவாடா என்று பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத ஊர்களுக்குச் சிறிய ஏ.டி.ஆர் விமானங்களை அனுப்பினார். ஒரு ரூபாய்க்கும் டிக்கெட் விற்றார். ஆனால் நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. 2007-ல் விஜய் மல்லையாவின் குழுமம் பங்குகளை வாங்கியது. அடுத்த ஆண்டே ஏர் டெக்கான், கிங்ஃபிஷரோடு கலந்தது. 2012-ல் கிங்ஃபிஷரும் தரையிறங்கியது.

2017-ல் மத்திய அரசின் 'உடான்' திட்டத்தின் கீழ் 'ஏர் டெக்கான்' என்ற பெயர் மீண்டும் வானத்தில் ஏறியது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது அதுவும் நின்றுபோனது.

ஒரே பெயர் இரண்டு முறை பறந்து, இரண்டு முறையும் நின்றிருக்கிறது. சின்ன ஊர்களின் விமானக் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் ஊர் சேலம்.

சேலம் பார்த்த விமானங்கள்

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் வழியில், ஓமலூர் தாண்டி காமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். திறக்கப்பட்டது 1993-ல். போதிய பயணிகள் இல்லை என்று தொடக்கத்திலேயே சேவை நின்றுவிட்டது. பிறகு பல ஆண்டுகள் ஓடுபாதை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

2009-ல் கிங்ஃபிஷர் சென்னைக்குச் சேவையைத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் அதுவும் போனது. 2018 மார்ச்சில் ஹைதராபாத்தைச் சேர்ந்த 'ட்ரூஜெட்', உடான் திட்டத்தின் கீழ் வந்தது. சென்னைக்கு ஒரு மணி நேரம், கட்டணமும் கட்டுப்படியாகும் என்று ஊர் சந்தோஷப்பட்டது. 2021-ல் அந்தச் சேவையும் நின்றது. 2022-ல் ட்ரூஜெட் நிறுவனமே பறப்பதை நிறுத்திவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பிறகு, 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் சேலத்துக்கு வந்தன. பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று இணைப்புகள் கிடைத்தன.

முப்பது ஆண்டுகளில் இத்தனை வரவேற்பு விழாக்கள் நடந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் முதல் விமானத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்வார்கள், கேக் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். கடைசி விமானத்துக்கு எந்த விழாவும் இல்லை. ஒருநாள் இணையதளத்தில் அந்த ஊரின் பெயர் வராது, அவ்வளவுதான்.

கடிகாரத்தை வைத்து ஒரு கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்யும் ஒருவர், சென்னை சௌகார்பேட்டைக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

விமானத்தில் போனால்? வீட்டிலிருந்து காமலாபுரத்துக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம். விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கவுன்டரை மூடிவிடுவார்கள் என்பதால், அதற்கும் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பறப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை எடுத்து, மெட்ரோவில் ஏறி சென்ட்ரல் பக்கம் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் நான்கு மணி நேரம்.

ரயிலில் போனால்? 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை - சென்னை வந்தே பாரத், சேலத்திலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வருவது சுமார் நான்கு மணி நேரத்தில். சென்ட்ரலிலிருந்து சௌகார்பேட்டை கூப்பிடு தூரம்தான்.

பகல் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று நினைத்தால், ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடலாம். விடியும்போது சென்னை. தூங்கும் நேரத்திலேயே பயணம் முடிந்துவிடும்.

குறுந்தூர விமானங்களின் பெரிய சிக்கல் இதுதான். வானத்தில் அவற்றுக்குப் போட்டி கிடையாது. போட்டியெல்லாம் தரையில், ராத்திரி ரயிலோடும் ஸ்லீப்பர் பஸ்ஸோடும் நான்குவழிச் சாலையோடும்தான். முன்னூறு, முன்னூற்றைம்பது கிலோமீட்டர் தூரத்தில் விமானத்தின் வேகம், விமான நிலையத்தின் வரிசையிலேயே கரைந்துவிடுகிறது.

அதே சேலத்துக்காரர் ஹைதராபாத் போக வேண்டுமென்றால் கணக்கு தலைகீழாக மாறும். ரயிலில் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும். விமானத்தில் காலையில் கிளம்பி வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். ஹைதராபாத் அல்லது பெங்களூரில் மாறி டெல்லிக்கோ துபாய்க்கோ போகிறவருக்கும் லாபம். பெட்டியைச் சேலத்தில் கொடுத்துவிட்டால் கையை வீசிக்கொண்டு போகலாம்.

ஆக, "சேலத்துக்கு விமானம் தேவையா?" என்ற கேள்வியே பாதிதான். "சேலத்திலிருந்து எந்த ஊருக்கு?" என்று கேட்டால்தான் அது முழுக் கேள்வி ஆகும்.

தூத்துக்குடி ஏன் ஜெயித்தது?

இதே தமிழ்நாட்டில், இதே மாதிரி சிறிய விமானங்களோடு தொடங்கிய இன்னொரு ஊர் தூத்துக்குடி. வாகைக்குளத்தில் இருக்கும் அந்த நிலையத்தின் ஓடுபாதை அப்போது வெறும் 1,350 மீட்டர். பெரிய ஜெட் இறங்க வழியில்லை. 2006-ல் ஏர் டெக்கானின் ஏ.டி.ஆர் அங்கே வந்தது. பிறகு நிறுவனங்கள் மாறின, ஆனால் ஊருக்கு விமானம் வருவது நிலைத்துவிட்டது. 2025 ஜூலையில் சுமார் 450 கோடி ரூபாய் செலவில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர்.

சேலத்தில் தங்காத விமானம் தூத்துக்குடியில் எப்படித் தங்கியது?

முதல் காரணம் தூரம். சென்னையிலிருந்து தூத்துக்குடி 600 கிலோமீட்டருக்கும் மேல். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். விமானத்துக்கு அங்கே உண்மையான நேர லாபம் உண்டு. இரண்டாவது, துறைமுகமும் தொழிற்சாலைகளும். அவசர வேலையாக வந்து போகிறவர்கள் வாரம் முழுக்க இருக்கிறார்கள். மூன்றாவது, நெல்லை, தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்கும் அதுதான் பக்கத்து விமான நிலையம். ஒரு ஊருக்கான விமானமாக இல்லாமல், ஒரு வட்டாரத்துக்கான விமானமாக அது ஆகிவிட்டது.

சேலத்தின் நிலைமை வேறு. மேற்கே கோவை, தெற்கே திருச்சி, வடக்கே பெங்களூரு என்று மூன்று பக்கமும் பெரிய விமான நிலையங்கள். சேலத்தில் டிக்கெட் விலை கொஞ்சம் ஏறினாலோ, நேரம் ஒத்துவரவில்லை என்றாலோ, காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடலாம்.

உடான்: மூன்று ஆண்டுகளில் முளைக்குமா?

2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 27-ல் சிம்லா - டெல்லி விமானத்தோடு தொடங்கியது உடான் திட்டம். யோசனை எளிமையானது. விமானத்தில் பாதி இருக்கைகளைக் குறைந்த விலையில் விற்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஏறக்குறைய 2,500 ரூபாய் என்று தொடக்கத்தில் உச்சவரம்பு வைத்தார்கள். அதனால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு அரசு ஈடுகட்டும். அந்தத் தடத்தில் வேறு நிறுவனம் போட்டிக்கு வராது. எரிபொருளுக்கான மாநில வரியும் ஒரு சதவிகிதமாகக் குறையும்.

பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய நகரங்களுக்கு இடையே பறக்கும் விமானங்களிடமிருந்து ஒரு தொகை வசூலிக்கப்படுகிறது. பெரும்பாலான மாநிலங்கள் ஐந்தில் ஒரு பங்கு தருகின்றன. சுருக்கமாக, சென்னை - டெல்லி போகிற பயணியின் டிக்கெட்டில் ஒரு சின்னப் பங்கு, சின்ன ஊர்க்காரரின் டிக்கெட்டுக்குப் போகிறது.

பலன் இல்லாமல் இல்லை. 2025 மத்திய பட்ஜெட் உரையின்படி, அதுவரை 88 விமான நிலையங்கள், 619 வழித்தடங்கள், ஒன்றரைக் கோடிப் பயணிகள். அந்த ஒன்றரைக் கோடியில் முதல் முறை விமானம் ஏறிய தாத்தா பாட்டிகளும் இருப்பார்கள்.

ஆனால் மத்தியத் தணிக்கைத் துறையின் 2023-ம் ஆண்டு அறிக்கை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட வழித்தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல், மூன்று ஆண்டுகளை முழுதாக முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச் வரை பறந்துகொண்டிருந்தவை 54 மட்டுமே.

நூறு விதை போட்டால் ஏழு செடி நின்ற கணக்கு இது.

முதல் சுற்றில் 128 தடங்கள் ஒதுக்கப்பட்டன. அதில் 84 தடங்களை ஏர் ஒடிஸா, ஏர் டெக்கான் என்ற இரண்டே சிறிய நிறுவனங்கள் எடுத்தன. அவற்றால் பெரும்பாலான தடங்களில் சேவையைத் தொடரவே முடியவில்லை. காத்திருந்த ஊர்களின் பட்டியலில் நம் நெய்வேலியும் உண்டு.

சின்ன நிறுவனங்கள் ஏன் விழுகின்றன?

இரண்டு பஸ் வைத்திருக்கும் முதலாளிக்கு ஒரு பஸ் பழுதானால் பாதித் தொழில் படுத்துவிடும். இரண்டு விமானம் வைத்திருக்கும் நிறுவனத்தின் கதையும் அதுதான். ஒரு இன்ஜின் பழுதாகி உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை, பல ஊர்களின் சேவை ரத்து.

விமான வாடகை டாலரில் கட்ட வேண்டும். டிக்கெட் விற்பது ரூபாயில். செலவில் பெரும் பங்கை எரிபொருளே தின்றுவிடும். சிறிய விமானத்தில் பயிற்சி பெற்ற விமானியை, பெரிய நிறுவனம் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் மேலே, மும்பை, டெல்லி போன்ற நெரிசலான நிலையங்களில் காலை, மாலை வேளைகளில் இறங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. காலை ஏழு மணிக்குப் பதில் மதியம் ஒரு மணிக்குப் போய் இறங்கினால், அன்றைக்கே வேலையை முடித்துத் திரும்ப முடியாது. பிறகு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

தமிழ்நாட்டுக்கும் இந்த அனுபவம் உண்டு. 2005-ல் தொடங்கிய 'பாராமவுன்ட் ஏர்வேஸ்' 2010-ல் நின்றது. கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு 2016-ல் தொடங்கிய 'ஏர் கார்னிவல்' அடுத்த ஆண்டே முடங்கியது.

இதனால்தான் களம் மெல்ல மாறுகிறது. 2017 டிசம்பரில் இண்டிகோ ஏ.டி.ஆர் விமானங்களை இயக்கத் தொடங்கியது. அதன் ஏ.டி.ஆரில் 78 இருக்கைகள். 80-க்கும் குறைவான இருக்கை கொண்ட உள்நாட்டு விமானங்களுக்கு இறங்கு கட்டணம் கிடையாது என்பது 2004-ல் வந்த சலுகை. 78 என்ற எண்ணின் லாபம் அங்கே இருக்கிறது! பெரிய நிறுவனத்துக்கு இன்னொரு வசதி, சேலத்துப் பயணியை ஹைதராபாத்தில் இறக்கித் தன்னுடைய இன்னொரு விமானத்திலேயே ஏற்றிவிடலாம். சின்ன ஊர்த் தடத்தில் லாபம் குறைந்தாலும், அடுத்த தடத்தில் ஈடாகும். 2024 டிசம்பரில் புதுச்சேரிக்கு மீண்டும் விமானம் வந்ததும் இதே வழியில்தான்: இண்டிகோவின் ஏ.டி.ஆர், பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஊரெல்லாம் ஒரே கடையை நம்பியிருந்தால், அந்தக் கடைக்காரர் சொல்வதுதான் விலை. கோவாவைத் தலைமையிடமாகக் கொண்டு 2024-ல் தொடங்கிய 'ஃப்ளை 91' போன்ற புதியவர்கள் நிலைத்தால்தான், சின்ன ஊர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கும்.

வேலூர் கேட்கும் கேள்வி

வேலூரில் ஒரு சிறிய ஓடுபாதை இருக்கிறது. உடான் பட்டியலிலும் அந்த ஊர் பெயர் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த உடம்போடு இரண்டு நாள் ரயிலில் திரும்புகிறவர்களைக் காட்பாடி ஸ்டேஷனில் தினமும் பார்க்கலாம். விமானத்தின் தேவையை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஓடுபாதையில் 20 இருக்கைக்கு உட்பட்ட சிறு விமானங்கள்தான் இறங்க முடியும். அவை போகக்கூடிய தூரத்தில் சென்னையும் பெங்களூரும் இருக்கின்றன. சென்னைக்குச் சாலையிலேயே இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். நோயாளிக்கு வேண்டியது கொல்கத்தா. ஓடுபாதை கொடுப்பது சென்னை.

தேவை ஒரு பக்கம், ஓடுபாதை இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஓடுபாதையைப் போடுவதற்கு முன் "இங்கிருந்து ஜனங்கள் எங்கே போகிறார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

ஃபிரான்ஸ் துணிச்சலாக ஒரு முடிவெடுத்தது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போக முடிகிற ஊருக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்று 2021-ல் சட்டம் கொண்டுவந்து, 2023 மே மாதம் நடைமுறைப்படுத்தியது. பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நான்த், போர்தோ ஆகிய ஊர்களுக்கான விமானங்கள் அதில் அடங்கும். காரணம், காற்றில் கலக்கும் புகை. ஆனால் அங்கே அதிவேக ரயில் முதலில் வந்தது, தடை பிறகுதான் வந்தது.

நார்வேயில் நிலைமை வேறு. மலைக்கும் கடலுக்கும் நடுவே சிக்கிய ஊர்கள் பல. அங்கே மிகச் சிறிய ஓடுபாதைகளில் சின்ன விமானங்கள் இறங்குகின்றன. 'இந்த ஊருக்குத் தினமும் இத்தனை முறை பறக்க வேண்டும்' என்று ஒப்பந்தம் போட்டு அரசு பணம் தருகிறது. ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி டெண்டர். அமெரிக்காவும் 1978-லிருந்து தன் சின்ன ஊர்களின் விமானங்களுக்கு இப்படி மானியம் தந்துகொண்டிருக்கிறது.

வித்தியாசம் இங்கேதான். அந்த நாடுகள் இதை டவுன் பஸ் மாதிரி பார்க்கின்றன. லாபம் வராது என்று தெரியும், இருந்தாலும் ஊருக்கு வேண்டும் என்பதால் ஓட்டுகின்றன. நாம் இதைப் புதுக்கடைக்குக் கொடுக்கும் கடன் மாதிரி பார்க்கிறோம். மூன்று ஆண்டுகளில் காலூன்று, இல்லையென்றால் மூடிவிடு என்கிறோம்.

எல்லாத் தடங்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. லட்சத்தீவின் அகத்திக்குக் கொச்சியிலிருந்து கப்பலில் போனால் பகலும் இரவுமாகக் கடலில் இருக்க வேண்டும். விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு, இந்தியாவிலேயே தயாரான 17 இருக்கை டோர்னியர் விமானம் 2022 ஏப்ரலில் அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து பறக்கத் தொடங்கியது. பிரசவத்துக்கும் மாரடைப்புக்கும் அந்த ஊர்களில் விமானம் என்பது சொகுசு அல்ல. அங்கே லாப நஷ்டக் கணக்குப் பார்த்து மூன்றாம் ஆண்டு கடையைச் சாத்த முடியாது.

பேட்டரியில் பறக்கலாமா?

குறுந்தூர விமானங்களின் எதிர்காலம் மின்சாரத்தில் இருக்கிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் உலகமே பேசியது. எரிபொருள் செலவு குறையும், புகை இருக்காது, சத்தம் குறையும். அமெரிக்காவில் ஒன்பது பேர் செல்லும் 'ஆலிஸ்' மின்சார விமானம் 2022 செப்டம்பரில் சோதனைக்காக ஒருமுறை பறந்தது. 2025 தொடக்கத்தில் அந்த வேலை நிறுத்திவைக்கப்பட்டது.

எரிபொருள் பறக்கப் பறக்கக் குறையும், விமானம் லேசாகும். பேட்டரி காலியானாலும் அதே எடைதான். ஆகவே அடுத்த பத்து ஆண்டுகளுக்குச் சின்ன ஊர்களின் நம்பிக்கை, ஏ.டி.ஆர் மாதிரியான புரொப்பல்லர் விமானங்கள்தான். குறுந்தூரத்தில் ஜெட்டைவிட எரிபொருள் குறைவாகச் செலவாகும், ஓடுபாதையும் சிறியது போதும்.

'நாளைக்கும் இருக்குமா?'

அடுத்த பத்து ஆண்டுகளில் 120 புதிய ஊர்கள், 4 கோடிப் பயணிகள் என்று 2025 பட்ஜெட்டில் உடானுக்குப் புதிய இலக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஊர்களின் எண்ணிக்கை கூடுவது நல்லதுதான். எத்தனை ஊர்களில் விமானம் ஐந்தாவது ஆண்டும் வந்தது என்ற கணக்கும் கூடவே வேண்டும்.

ரயில் நான்கு மணி நேரத்தில் சேர்த்துவிடும் ஊருக்கு மானியம் கொடுத்துப் பறக்க வைப்பதைவிட, ஒரு ராத்திரி தூரத்தில் இருக்கும் ஊர்களை இணைக்கலாம். ரயிலே போகாத மலைக்கும் தீவுக்கும் கெடு வைக்காமல் உதவலாம். சின்ன ஊர் விமானத்துக்குப் பெரிய நிலையத்தில் காலையில் இறங்க ஓர் இடம் ஒதுக்கலாம். இதெல்லாம் புது ஓடுபாதை போடுவதைவிடச் செலவு குறைந்த வேலைகள்.

ஏனென்றால் சின்ன ஊர்க்காரர் விமானத்தை நம்பாமல் போவதற்கு விலை மட்டும் காரணமல்ல. மகளின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே டிக்கெட் போடுகிறவருக்கு, அந்த விமானம் அன்றைக்கு வருமா என்பது தெரிய வேண்டும். ஊரில் தொழிற்சாலை தொடங்க நினைப்பவருக்கு, அடுத்த ஆண்டும் அது இருக்குமா என்பது தெரிய வேண்டும். இரண்டு முறை ஏமாந்த ஊர், மூன்றாவது முறை விமானம் வரும்போது போட்டோ எடுத்துக்கொள்ளும். டிக்கெட்டை மட்டும் ரயிலில்தான் போடும்.

சேலம் ஜங்ஷனில் ஒவ்வொரு ராத்திரியும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிறது. பெட்டியோடு பிளாட்பாரத்தில் காத்திருக்கும் யாரும், "நாளைக்கும் இந்த வண்டி ஓடுமா?" என்று கேட்பதில்லை. காமலாபுரத்திலும் யாரும் அப்படிக் கேட்காத நாள் வரும்போது, சேலத்துக்கு விமானம் வந்துவிட்டது என்று சொல்லலாம்.